‘ஸ்டர்’ என்று முடியும் பழைய ஆங்கிலச் சொற்கள்: எது விகுதி, எது வேஷம்?

சொல்வலை:

சொல் விளையாட்டு ஒன்றுக்காக எஸ்-டி-இ-ஆர் என்ற நான்கு எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொற்களைச் சேர்க்கிறேன். கேங்ஸ்டர், யங்ஸ்டர் மாதிரி எல்லோருக்கும் தெரிந்தவை வேண்டாம். வழக்கொழிந்தவை, குடும்பப் பெயராக மட்டும் மிஞ்சியவை, ஏதோ ஒரு தொழிலுக்குள் மட்டும் புழங்குபவை வேண்டும்.

இதுவரை கிடைத்தவை: ஸ்பின்ஸ்டர், வெப்ஸ்டர், ப்ரூஸ்டர், டாப்ஸ்டர், மால்ட்ஸ்டர், ஹக்ஸ்டர், லாப்ஸ்டர், ஹோல்ஸ்டர், போல்ஸ்டர், மின்ஸ்டர், கோரிஸ்டர். கணினியில் தேடினால் நூற்றுக்கணக்கில் கொட்டுகிறது. பாதிக்கு மேல் டோஸ்டர், போஸ்டர் வகைக் குப்பை.

கேள்விகள் இவைதான். நிஜமாகவே ‘ஸ்டர்’ என்ற விகுதி சேர்ந்து பிறந்த சொல்லையும், தற்செயலாக அப்படி முடிகிற சொல்லையும் எப்படிப் பிரிப்பது? அந்த விகுதி பெண்பால் விகுதி என்று ஓரிடத்தில் படித்தேன், சரியா? என் பட்டியலில் விட்டுப்போன நல்ல சொற்கள் எவை?

அகராதிப்புழு:

பெண்பால் விகுதி என்பது சரி. பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் ‘எஸ்ட்ரே’. ஒரு வேலையை ஆண் செய்தால் சொல்லின் கடைசியில் ‘எரே’, பெண் செய்தால் ‘எஸ்ட்ரே’. பாடுகிறவன் சாங்கெரே, பாடுகிறவள் சாங்கெஸ்ட்ரே. ரொட்டி சுடுகிறவள் பேக்கெஸ்ட்ரே, தையல்காரி சேயமெஸ்ட்ரே. உப்பு விற்கும் உமணர் வீட்டுப் பெண் உமட்டி, ஆயர் வீட்டுப் பெண் ஆய்ச்சி என்று நம்மிடம் இருப்பதைப் போலத்தான். ஆங்கிலத்தின் பக்கத்து வீடான டச்சு மொழியில் இந்த விகுதி இன்னும் பெண்ணை மட்டுமே குறிக்கிறது. அங்கே ‘ஸாங்ஸ்டர்’ என்றால் பாடகி, பாடகனுக்கு அந்தச் சொல் ஆகாது.

இங்கிலாந்தில் அது நிலைக்கவில்லை. வடக்கே சீக்கிரமே ஆண், பெண் பேதம் அழிந்து, ‘எர்’ போடுகிற இடத்தில் ‘ஸ்டர்’ போட்டாலும் ஒன்றுதான் என்றாகிவிட்டது. தெற்கே 14ஆம் நூற்றாண்டின் இறுதி வரை பெரும்பாலும் பெண்பாலாகவே தாக்குப்பிடித்தது. குடும்பப் பெயர்களில் அந்தத் தடம் இன்றும் தெரியும். வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் பாக்ஸ்டர், வெப்ஸ்டர், தெற்கில் அதே தொழிலுக்கு பேக்கர், வெப், வீவர்.

இதை வைத்து “வெப்ஸ்டர் என்ற பெயர் இருந்தால் அந்தக் குடும்பத்தில் நெய்தவள் ஒரு பெண்” என்று விடைக்குறிப்பு எழுதிவிடாதீர்கள். குடும்பப் பெயர்கள் உறைந்துபோன காலத்தில், வடக்கே, அந்த விகுதிக்குப் பெண்மை ஏற்கெனவே போய்விட்டது. அதற்கும் முன்பே பழைய ஆங்கில விவிலியத்தில் ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தில் எகிப்து அரசனான பார்வோனின் சுயம்பாகியை, அதாவது ரொட்டி சுடுபவனை, அவன் ஆண் என்று தெரிந்தே, பேக்கெஸ்ட்ரே வகைச் சொல்லால்தான் குறித்திருக்கிறார்கள்.

பெண்மை தேய்ந்த பிறகு நடந்ததுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. சீம்ஸ்டர் என்றால் தையல்காரி என்று யாருக்கும் தோன்றாமல் போனதும், பிரெஞ்சிலிருந்து வந்த ‘எஸ்’ விகுதியை அதன் தலையில் இன்னொரு முறை ஏற்றினார்கள். சீம்ஸ்ட்ரெஸ் பிறந்தது. சாங்ஸ்ட்ரெஸ்ஸும் அப்படித்தான். ஒரே சொல்லில் இரண்டு பெண்பால் விகுதி! சிரிக்க வேண்டாம். ‘அவர்’ என்பதே பன்மைதான். அது மரியாதைக்கு ஒதுங்கியதும் ‘கள்’ ஒட்டி ‘அவர்கள்’ ஆக்கிக்கொண்டோம். தேய்ந்த விகுதியின் மேல் புது விகுதி.

இனி பிரிக்கும் வழி. நான்கு சல்லடை போதும், வரிசை மாறாமல் போடுங்கள்.

முதலில் கடைசி ‘இ-ஆர்’ இரண்டெழுத்தை மட்டும் வெட்டிப் பாருங்கள். மிஞ்சுவது தனிச் சொல்லாக நின்றால் அது ‘எர்’ விகுதிச் சொல், உங்களுக்கு வேண்டாதது. டோஸ்ட், போஸ்ட், ரோஸ்ட், பூஸ்ட், கோஸ்ட் எல்லாம் இங்கேயே கழியும். குப்பையில் பெரும்பகுதி போய்விடும்.

இரண்டாவது, பெரிய எழுத்தில் தொடங்கும் ஊர்ப்பெயர்கள். லெஸ்டர், க்ளாஸ்டர், வின்செஸ்டர், மான்செஸ்டர் முதலியவற்றின் வால், ரோமானியப் படைமுகாமைக் குறிக்கும் லத்தீன் ‘காஸ்ட்ரா’. வெஸ்ட்மின்ஸ்டரின் மின்ஸ்டர், மடாலயத்துக்கான ‘மொனஸ்டெரியம்’ சுருங்கியது. ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள மின்ஸ்டரை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, லத்தீன், பிரெஞ்சு வழி வந்தவை. மாஸ்டர், மான்ஸ்டர், மினிஸ்டர், சினிஸ்டர், க்ளாய்ஸ்டர், ஆய்ஸ்டர், கானிஸ்டர். கோரிஸ்டரும் பிரெஞ்சு வழி வந்ததே. தேவாலயப் பாடகர் என்ற பொருள் இருப்பதால் சாங்ஸ்டரின் தம்பி மாதிரி ஏமாற்றும். ‘ஆஸ்டர்’ என்று முடிவதைத் தனியாகக் கவனியுங்கள். அது லத்தீனில் ‘போலி, மட்டம்’ என்று பொருள் தரும் வேறொரு விகுதி. பொயட்டாஸ்டர் என்றால் கவிஞன் என்று சொல்லிக்கொண்டு திரிபவன். கிரிட்டிகாஸ்டர் என்று விமர்சகருக்கும் ஒன்று உண்டு. உங்கள் விளையாட்டுக்குத் தனிச் சுற்றே வைக்கலாம்.

நான்காவது, மிஞ்சியதில் ‘எஸ்-டி-இ-ஆர்’ முழுவதையும் வெட்டுங்கள். மீதி ஒரு வினையாகவோ பெயராகவோ நின்று, மொத்தச் சொல் அதைச் செய்பவரைக் குறித்தால் பெரும்பாலும் உண்மையான விகுதி. ஸ்பின் (நூற்றல்), ப்ரூ (மது காய்ச்சுதல்), டாப் (பீப்பாய்க் குழாய்), மால்ட் (முளைகட்டிய தானியம்) எல்லாம் நிற்கும். வெப்ஸ்டரில் மிஞ்சும் ‘வெப்’, நெய்த துணிக்கான பழைய பெயர். ஆனால் ஹாம்ஸ்டர் இந்தச் சல்லடையையும் ஏமாற்றும். ‘ஹாம்’ நிற்கிறது, பொருள் பொருந்தாது. அது ஜெர்மனியிலிருந்து முழுசாக வந்த எலிப்பெயர்.

நான்கையும் தாண்டி வந்ததை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதியில் சரிபாருங்கள். இணையத்தில் இலவசம். ஆனால் இக்கால எழுத்துக்கூட்டலில் தேடினால் பல சொற்கள் அகப்படாது. தலைச்சொற்கள் அந்தக் கால எழுத்தில் இருக்கும். பாக்ஸ்டருக்கு ‘பேக்’ என்று தொடங்கிப் பின்னால் விகுதியை முழுசாக எழுத வேண்டும்.

குறுக்கெழுத்துக் குமார்:

மேலே சொன்னதில் ஒரு ஓட்டை. நான்கு எழுத்தை வைத்துத் தேடினால் பாக்ஸ்டரே வராது! அதன் எழுத்தில் எஸ் கிடையாது. கே-யும் எஸ்-ஸும் சேர்ந்து எக்ஸ் ஆகிவிட்டது. டெக்ஸ்டரும் அப்படியே. அதனால் மூன்று தேடல் போடுங்கள்: ‘எஸ்-டி-இ-ஆர்’ முடிவு, ‘எக்ஸ்-டி-இ-ஆர்’ முடிவு, ‘எஸ்-டி-ஆர்-இ-எஸ்-எஸ்’ முடிவு. ஒன்லுக் என்ற அகராதித் தேடல் தளத்தில் முன்னால் * குறி இட்டால் போதும். கையில் சொற்பட்டியல் கோப்பு இருந்தால் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் எழுத்துகளுக்குப் பின்னால் $ குறி. அதை மறந்தால் மிஸ்டரி, ஹிஸ்டீரியா எல்லாம் உள்ளே வந்துவிடும்.

மூன்றாவது தேடலில் டிஸ்ட்ரெஸ், மிஸ்ட்ரெஸ் இரண்டையும் தள்ளுங்கள். மிஸ்ட்ரெஸ் என்பது மாஸ்டருக்குப் பெண்பால், நம் விகுதி அல்ல.

டெக்ஸ்டர் பற்றி எச்சரிக்கை: லத்தீனில் ‘வலப்பக்கம்’ என்ற டெக்ஸ்டர் வேறு, குடும்பப் பெயர் வேறு. பெயர் வந்தது சாயம் தோய்ப்பவரைக் குறித்த ‘டெயெஸ்டர்’ வகைச் சொல்லிலிருந்து. குறிப்பில் எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாக எழுதாவிட்டால் சண்டை வரும்.

தறிமேடை:

விட்டுப்போன சொற்கள் கேட்டிருந்தீர்கள். துணித்தொழிலில்தான் புதையல். வேலை நடக்கும் வரிசையில் தருகிறேன்.

கெம்ப்ஸ்டர்: கம்பளி மயிரைச் சீப்பால் வாருகிறவர். நீள இழை மயிரை எண்ணெய் தொட்டு, சூடாக்கிய இரும்புச் சீப்பு இரண்டால் மாற்றி மாற்றி வாரினால் குட்டை இழை பிரிந்துபோய், நீள இழை ஒரே திசையில் படியும். ‘கெம்ப்’ என்பதன் மூலம், வாருதலைக் குறித்த ‘கெம்ப்’ என்ற பழைய வினை. அந்த வினையில் கடைசி எழுத்து பி (P) அல்ல, அதன் மெல்லொலியான B, ‘பம்பரம்’ என்பதில் இரண்டாவதாக வரும் ப. எஸ் பக்கத்தில் வந்ததும் அது வன்மையாகிவிட்டது. தலை வாராதவனைச் சொல்லும் ‘அன்கெம்ப்ட்’டும் இதே வேர்.

ஸ்பின்ஸ்டர்: நூற்பவள். 14ஆம் நூற்றாண்டில் தொழிற்பெயர். ஆவணங்களில் ஆளின் பெயருக்குப் பின்னால் தொழிலை எழுதுவது வழக்கம். மணமாகாத பெண்ணின் பெயருக்குப் பின்னால் இதை எழுதி எழுதி, 17ஆம் நூற்றாண்டில் ‘மணமாகாதவள்’ என்பதே சட்டப் பொருளாகிவிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவேட்டிலிருந்து இந்தச் சொல்லை 2005இல் எடுத்துவிட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ‘சிங்கிள்’ என்று போடத் தொடங்கினார்கள். இன்று இதை வசையாகக் கேட்கிறவர்களே அதிகம் என்பதால் கேள்வியில் ‘நூல்’ என்ற துப்பைக் கொடுங்கள்.

த்ரோஸ்டர்: பட்டு முறுக்குபவர். கூட்டிலிருந்து உருவிய பட்டிழை மிக மெல்லியது; சிலவற்றைச் சேர்த்து முறுக்கேற்றினால்தான் தறியில் ஏறும். பாவுக்கு முறுக்கு அதிகம், ஊடைக்குக் குறைவு. ‘த்ரோ’ என்பதற்கு எறிதல் பிந்திய பொருள். முந்தியது முறுக்குதல், சுழற்றுதல். குயவர் சக்கரத்தில் பானை வனைவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். டெர்பியில் லோம் சகோதரர்களின் ஆலை 1721இல் இந்த வேலையை நீர்ச்சக்கரத்துக்கு மாற்றியது. நூல் தொழிலில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வெப்ஸ்டர்: நெய்பவர். இதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. 1828இல் அமெரிக்க அகராதி தந்த நோவா வெப்ஸ்டரின் பெயரே உங்களுக்கு நல்ல துப்பு.

விட்ஸ்டர்: துணி வெளுப்பவர். ‘வெள்ளை’ என்பதே அடிச்சொல். லினன் துணியைச் சாம்பல் காரநீரில் அவித்து, அலசி, புல்வெளியில் விரித்து வெயிலில் போட்டு, நனைத்து, பிறகு புளித்த மோரில் ஊறவைத்து, மறுபடி முதலிலிருந்து. மாதக் கணக்கில் ஆகும். காரத்தை மோரின் அமிலம் முறிக்காவிட்டால் துணி இற்றுப்போகும், அதனால்தான் மோர். சார்ல்ஸ் டெனன்ட் 1799இல் வெளுக்கும் தூளுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு புல்வெளிக்கு வேலை குறைந்தது. சொல்லும் அதோடு மங்கியது.

லிட்ஸ்டர்: சாயக்காரர். பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நார்ஸில் சாயமிடுதலுக்கு ‘லிட்டா’. இது டி-யை விழுங்கி லிஸ்டர் என்ற குடும்பப் பெயராகவும் ஆனது. நீலத்துக்கு வோட் இலை, சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து மேடர் வேர், மஞ்சளுக்கு வெல்ட் செடி. சிவப்பும் மஞ்சளும் பிடிக்கத் துணியைப் படிகார நீரில் முன்பே ஊறவைக்க வேண்டும், நீலத்துக்குத் தேவையில்லை. 1381 உழவர் கிளர்ச்சியில் நார்ஃபோக்கில் ‘எளியோரின் அரசன்’ என்று கொண்டாடப்பட்ட ஜெஃப்ரி லிட்ஸ்டர் ஒரு சாயக்காரர். பெயரும் தொழிலும் ஒன்றாகவே இருந்த காலம்.

அகராதிப்புழு:

தறிமேடையின் பட்டியலுக்குப் பின்குறிப்பாக, தறிக்கு வெளியே மூன்று.

ப்ரூஸ்டர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் சுவையான பயன்பாடு ‘ப்ரூஸ்டர் செஷன்ஸ்’. மதுக்கடை உரிமங்களைப் புதுப்பிக்க இங்கிலாந்து நீதிபதிகள் பிப்ரவரி முதல் இரு வாரங்களில் கூடும் ஆண்டுக் கூட்டத்துக்கு அந்தப் பெயர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் உரிம வேலையை உள்ளாட்சி மன்றங்களுக்கு மாற்றியதோடு அது முடிந்தது. ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சுவது வீட்டு அடுப்படியில் நடந்த வேலை என்பதால் இடைக்கால மேனர் (நிலக்கிழார் பண்ணை) நீதிமன்றச் சுருள்களில் அதற்காக அபராதம் கட்டிய பெண்களின் பெயர்கள் ஏராளம். வெப்ஸ்டரைப் பற்றி மேலே எச்சரித்தேனே, ப்ரூஸ்டரில் அந்த எச்சரிக்கையைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

டீம்ஸ்டர். இது இரண்டு சொல், நம் எழுத்தில் ஒன்றாகத் தெரியும். ஒன்று குதிரை, மாடு பூட்டிய வண்டியை ஓட்டுபவர்; அமெரிக்காவில் 1903இல் உருவான தொழிற்சங்கத்தின் பெயரில் இன்று லாரி ஓட்டுநர்களைக் குறிக்கிறது. மற்றது தீர்ப்புச் சொல்பவர். ஐல் ஆஃப் மேன் தீவின் உயர்நீதிமன்ற நீதிபதிகளுக்கு இன்றும் முதல் டீம்ஸ்டர், இரண்டாம் டீம்ஸ்டர் என்றே பதவிப்பெயர். அந்த ‘டீம்’, தீர்ப்பு என்ற பழைய பொருளுள்ள ‘டூம்’ என்பதன் வினை. விளையாட்டுக்கு இதைவிட நல்ல பொறி கிடைக்காது.

இந்த நீதிபதிச் சொல்லின் இன்னொரு வடிவம் டெம்ஸ்டர், ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு பி (P) இருக்கும். ம்-மும் ஸ்-ஸும் அடுத்தடுத்து வரும்போது வாய் தானாகவே ஒரு ப்-பை நுழைத்துவிடும். சீம்ஸ்ட்ரெஸ்ஸுக்கு பி போட்ட வடிவமும் அகராதியில் உண்டு. தறிமேடை சொன்ன கெம்ப்ஸ்டரின் பி அப்படி நுழைந்ததல்ல, வேரிலேயே இருந்து உருமாறியது.

சொல்வலை:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. லாப்ஸ்டரை நான்கு சல்லடையிலும் போட்டேன், ‘லாப்’ நின்றாலும் பொருள் பொருந்தவில்லை. கழித்துவிடலாமா? ஹோல்ஸ்டர், போல்ஸ்டர் இரண்டும் அப்ஹோல்ஸ்டரோடு சேர்ந்தவையா? அமெரிக்கர்களின் டம்ப்ஸ்டர்?

குறுக்கெழுத்துக் குமார்:

லாப்ஸ்டர் ஒரு கலப்பினம். வேர் லத்தீன் ‘லோகுஸ்டா’. வெட்டுக்கிளிக்கும் சிங்க இறாலுக்கும் அவர்களுக்கு ஒரே பெயர். ஆங்கிலேயர் வாயில் அது ‘லாப்பெஸ்ட்ரே’ ஆனது. வால் மட்டும் பெண்பால் விகுதியின் அச்சில் வார்க்கப்பட்டது. யாரும் எதையும் ‘செய்யாததால்’ விகுதிச் சொல்லாகக் கணக்கில் சேராது. பெருமதிப்பெண் கேள்வியாக வையுங்கள்.

ஹோல்ஸ்டர் 17ஆம் நூற்றாண்டில் டச்சிலிருந்து வந்த துப்பாக்கி உறை. போல்ஸ்டர் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த நீளத் தலையணை. இரண்டுமே நம் ஆள் இல்லை. அப்ஹோல்ஸ்டர்தான் நம் ஆள், அதுவும் வேஷம் போட்டுக்கொண்டு. ‘அப்ஹோல்ட்’ என்றால் தாங்கிப் பிடித்தல்; பொருள்களைப் பழுது நீக்கி நல்ல நிலையில் வைத்து விற்பவர் அப்ஹோல்டர் அல்லது அப்ஹோல்ட்ஸ்டர். இரண்டாவதில் நடு ‘ட்’ உதிர்ந்தது. பிறகு அதில் தொழில் விகுதி இருப்பதே மறந்து, பின்னால் இன்னொரு ‘எர்’ ஒட்டி அப்ஹோல்ஸ்டரர். 19ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து ‘எர்’ரை மட்டும் கழற்றி, மெத்தை தைப்பது என்ற வினைச்சொல்லாக அப்ஹோல்ஸ்டரை உருவாக்கினார்கள். ஆளைக் குறித்த சொல் வேலையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 1626இல் அரச பட்டயம் பெற்ற லண்டன் கில்டு (தொழில் சங்கம்) மட்டும் இன்றும் பழைய ‘அப்ஹோல்டர்ஸ்’ பெயரிலேயே இருக்கிறது.

டம்ப்ஸ்டர்: குப்பை கொட்டும் ‘டம்ப்’போடு, டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் இருந்த டெம்ஸ்டர் சகோதரர்கள் நிறுவனம் தன் பெயரைச் சேர்த்து 1930களில் வைத்த வணிகப் பெயர். டெம்ஸ்டர் யாரென்று மேலே பார்த்தோம், தீர்ப்புச் சொல்பவர். ஆக, குப்பைத்தொட்டியின் வாலில் உட்கார்ந்திருப்பது ஒரு நீதிபதியின் விகுதி. சேர்க்கலாமா என்றால், நான் சேர்ப்பேன். அகராதிப்புழு ஒப்புக்கொள்ள மாட்டார்.

அகராதிப்புழு:

ஒப்புக்கொள்ளவில்லை. டம்ப்ஸ்டர் எதையும் செய்பவரைக் குறிக்கவில்லை, அது தொட்டி. லாப்ஸ்டருக்கு ஒரு நியாயம், தொட்டிக்கு ஒரு நியாயமா? இரண்டையும் பெருமதிப்பெண் சுற்றில் போடுங்கள். எழுத்து எண்ணிக்கை வைத்து விளையாடுவதானால் ஸ்பின்ஸ்டர், ப்ரூஸ்டர், விட்ஸ்டர், மால்ட்ஸ்டர், இரண்டு டீம்ஸ்டர்கள், எல்லாம் எட்டெழுத்து, வெப்ஸ்டரும் டாப்ஸ்டரும் ஏழு, த்ரோஸ்டர் ஒன்பது. எட்டெழுத்துக் கட்டத்தில் கடைசி நான்கை நிரப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு மேற்பட்ட விடை பொருந்தும், அதனால் முதல் எழுத்தையாவது கொடுத்துவிடுங்கள்.